முதல் ஊசிக்கு முன்பு எடுக்க வேண்டிய ரத்தம்

வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை மையத்துக்குப் போய்வந்த பத்துப் பேருக்கு, மெலியாய்டோசிஸ் என்ற நோய் மூளையையும் நரம்புகளையும் தாக்கும் வடிவில் வந்தது. அவர்களில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள். 2022-23-ல் திருப்பத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் இந்நோய் கண்ட 21 பேரைப் பற்றி வேலூர் சிஎம்சி மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துருவி ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளிவந்தது. வாயைக் கழுவப் பயன்பட்ட சலைன் பாட்டிலில் போய் நின்றது அவர்களின் தேடல். கிருமி நீக்கம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மீதமிருந்த சலைனை அப்படியே வைத்திருந்து அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா ஒன்று அதற்குள் குடியேறிவிட்டது.

செய்தி வந்தபோது எல்லோரும் அந்த மையத்தின் அலட்சியத்தைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். எனக்கோ, அந்தப் பாட்டில் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் பெரிதாகப் பட்டது. வேலூரில் பல பத்தாண்டுகளாக இந்தக் கிருமியைப் பார்த்துப் பழகிய ஆய்வகம் இருக்கிறது. நோயாளிகளிடமிருந்து எடுத்ததை வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே கிருமி மீண்டும் மீண்டும் வந்தது. எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். அந்த எட்டு மரணங்களும் பழனி மலையிலும் அதன் அடிவாரத்திலும் நடந்திருந்தால்? ஆயக்குடியில் ஒருவர், நெய்க்காரப்பட்டியில் ஒருவர், தாண்டிக்குடியில் ஒருவர், தேவதானப்பட்டியில் ஒருவர் என்று எட்டு ஊர்களில் எட்டுத் துக்கங்களாக அவை முடிந்துபோயிருக்கும் என்றே அஞ்சுகிறேன். 'மூளைக் காய்ச்சலாம்' என்று சொல்லியிருப்பார்கள். 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம்' என்றும் சொல்லியிருப்பார்கள். எந்தக் கிருமி என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில் எந்த ஸ்கேனிலும் கிடைக்காது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் ஊசி போடுவதற்கு முன்பு எடுக்கப்படும் பத்து மில்லி ரத்தத்தில்தான் இருக்கிறது. மலை ஊர்களிலும் அடிவார ஊர்களிலும் அந்த ரத்தத்தை எடுக்க வேண்டும், அது கெடாமல் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நீரிலும் சேற்றிலும் இருப்பவை

தண்ணீரால் வரும் நோய் என்றாலே நமக்கு வாந்தியும் பேதியும்தான் நினைவுக்கு வரும். குடலோடு நிற்காமல் ரத்தத்துக்குள் இறங்கிவிடும் சில பாக்டீரியாக்கள் உண்டு. மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமாலி அவற்றில் முதன்மையானது. ஈரமான வயல் மண்ணில் அது இயல்பாகவே வாழ்கிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாக நுழையும். மழைக்காற்றில் பறக்கும் நீர்த்துளியோடு நுரையீரலுக்குள் போகும். குளோரின் கலக்காத குடிநீர் வழியாகவும் உள்ளே வரும். 1997-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு சிற்றூரில் குடிநீர் விநியோகமே இந்நோய்க் கொத்துக்கு மூலமாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 ஆண்டுகள் இது உயிரோடு இருந்ததைத் தாய்லாந்து ஆய்வகம் ஒன்று காட்டியிருக்கிறது. திறந்து வைத்த சலைன் பாட்டில் அதற்கு எம்மாத்திரம்!

குரோமோபாக்டீரியம் வயலாசியம் இன்னொன்று. ஆய்வகத் தட்டில் அடர் ஊதா நிறத்தில் வளரும். பார்க்க அழகு, நோயோ கொடியது. சேற்றுத் தண்ணீரில் விளையாடிய குழந்தைக்குச் சிறு காயம் ஏற்பட்டு, சில நாட்களில் கல்லீரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகி, ரத்தம் முழுவதும் பரவிவிடும். மனிதரில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது மலாயாவில், 1927-ல். ஏரோமோனஸ் என்பது நன்னீரில் எங்கும் இருப்பது. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்து மருத்துவமனைகளில் காயம்பட்டவர்களின் புண்களில் அதிகம் வளர்ந்தது இதுதான். மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் அட்டைகளின் குடலிலும் இது வாழ்கிறது. குடித்த ரத்தத்தைச் செரிக்க அட்டைக்கு உதவுகிறது. சோலைக்குள் போய் அட்டைக்கடியோடு திரும்புகிறவர்கள் அந்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது.

நல்ல உடல்நலத்தோடு இருப்பவரை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் பாதிப்பு, நீண்டநாள் மதுப்பழக்கம் இருப்பவர்களைத்தான் தேடிப் பிடிக்கின்றன. மெலியாய்டோசிஸ் வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சர்க்கரை நோயாளிகள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் நாற்று நடுகிறார்கள், கரும்பு வெட்டுகிறார்கள், வாய்க்கால் தூர்வாருகிறார்கள், வெறுங்காலோடு.

மலையும் அடிவாரமும்

பழனி மலை ஒரே மலை இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்று பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் குளிர்ந்த மேல்மலை ஒன்று. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று காபியும் மலைவாழையும் செழிக்கும் கீழ்மலை இன்னொன்று. அதற்கும் கீழே, வெயிலும் ஈரமும் சேர்ந்த அடிவாரம். வெப்பத்தை விரும்பும் இந்தக் கிருமிகளுக்கு ஏற்ற இடம் கடைசியில் சொன்னதுதான். 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் ஏரியில் படகு விடுகிறவர்கள் மெலியாய்டோசிஸை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

ஏரியைப் பற்றிக் கவலைப்பட வேறு காரணங்கள் உண்டு. சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியாகிக்கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் உயிர்பிழைக்க மலையேறி 1845-ல் வீடு கட்டியதில் தொடங்கியது கொடைக்கானல். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். அந்த ஏரியில் இன்று நகரத்தின் கழிவு கலக்கிறது. நிரம்பி வழியும் நீர் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்கின்றன, சிலர் முகம் கழுவுகிறார்கள், சிலர் குடிக்கவும் செய்கிறார்கள். மலை அருவி சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இப்படிப்பட்ட நீர் கொண்டுவரும் முதல் ஆபத்து டைபாய்டு. டைபாய்டும் அடிப்படையில் ரத்தத்தில் பரவும் தொற்றுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

மலை தரும் நீர் அத்தனையும் அடிவாரத்தில் வந்து தேங்குகிறது. வடக்குச் சரிவில் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகள். தெற்கே மஞ்சளாறும் மருதாநதியும் சோத்துப்பாறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்கள் நிரம்பும்போது பளியர்களும் புலையர்களும் ஏனைய மலைமக்களும் கூலி வேலைக்குக் கீழே இறங்குகிறார்கள். காய்ச்சலோடு மலைக்குத் திரும்புகிறவரைப் பார்க்கும் மருத்துவருக்கு, அவர் பத்து நாட்களுக்கு முன்பு நெல்வயலில் நின்றவர் என்பது கேட்டால்தான் தெரியும். மெலியாய்டோசிஸ் வெளிப்பட ஆகும் காலம் சராசரியாக ஒன்பது நாள். மூன்று வாரம் வரையும் போகும். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்ட நிகழ்வும் மருத்துவ இதழ்களில் இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வரும் லட்சக்கணக்கானோரையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். காரைக்குடியிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் நாள்கணக்கில் வெறுங்காலோடு நடந்து, பாதம் கொப்புளித்து, சண்முகநதியில் இறங்கிக் குளிக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், 'நடந்த அலுப்பு' என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். பக்தியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வழிநெடுகக் கால்புண்ணுக்கு மருந்து போடும் அன்பர்கள், 'சர்க்கரை இருக்கா?' என்று கேட்டு, இருப்பவரின் புண்ணை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடிவிட்டால் போதும். வீடு திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், நடந்ததையும் குளித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பலாம்.

காய்ச்சல் போகும் வழி

நம் ஊர்களில் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? முதலில் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை. அடுத்து, பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. மூன்றாம் நாள், 'டெங்குவா பாருங்க' என்று பிளேட்லெட் எண்ணிக்கை. அது சரியாக இருந்தால் விடால் டெஸ்ட். 1896-ல் வந்த பரிசோதனை அது. ஏற்கெனவே வேறு தொற்று வந்தவருக்கும் தடுப்பூசி போட்டவருக்கும்கூட பாசிட்டிவ் காட்டும். காட்டியவுடன் 'டைபாய்டு' என்று முடிவுசெய்து செஃப்ட்ரியாக்சோன் ஏற்றுகிறார்கள். டைபாய்டாகவே இருந்தால் குணமாகும். மெலியாய்டோசிஸாக இருந்தால் அந்த மருந்து போதாது. ஜென்டாமைசினுக்கு அந்தக் கிருமி பெரும்பாலும் அசையவே அசையாது. நுரையீரலில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வைத்த கதைகள் இந்த நோயின் வரலாறு நெடுகிலும் உண்டு.

இவற்றுக்கு நடுவே, முதல் ஊசிக்கு முன்பு, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுத்திருந்தால்? கையைக் கிருமிநாசினியால் துடைத்து, அது உலரும் வரை காத்திருந்து, எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம் எடுத்து கல்ச்சர் பாட்டிலில் விட வேண்டும். இன்னொரு கையிலிருந்து இன்னொரு பாட்டில். பாட்டில் மீது பெயரோடு நேரத்தையும் எழுத வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வைத்தால் கிருமி சுணங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான கிருமிகள் இரண்டு நாட்களில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பர்கோல்டேரியா வளர்ந்திருந்தாலும் 'ஏதோ சூடோமோனஸ்' என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ ஒதுக்கிவிடுவது ஆய்வகங்களில் நடந்திருக்கிறது. நுண்ணோக்கியில் இரு முனைகளில் மட்டும் சாயம் ஏறி, சேஃப்டி பின் போலத் தெரியும் குச்சிகள் அவை. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கும் என்றால் உடனே சந்தேகம் வர வேண்டும். மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஆய்வக நுட்பநருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

கண்டுபிடித்தபின் சிகிச்சை தெளிவானது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது பத்துப் பதினான்கு நாட்கள் நரம்பில். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். கோட்ரைமாக்சசோல் மிக மலிவான, பழைய மாத்திரை.

தேடியவர்கள் கண்டார்கள்

இந்த நோயை உலகுக்குச் சொன்னதே நம் பக்கத்து நாட்டில், 1911-ல், ரங்கூன் பொது மருத்துவமனையில். ஆல்ஃபிரட் விட்மோர் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் சவப் பரிசோதனைகளில் விசித்திரமான சீழ்க்கட்டிகளைப் பார்த்து, கிருமியைப் பிரித்தெடுத்து, அடுத்த ஆண்டே இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினார்கள். விட்மோரின் பெயரால் நோய் அழைக்கப்பட்டது. கிருஷ்ணசாமியைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். 1917-ல் அவர் தனியாகவே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கிருந்து இவ்வளவு சீக்கிரம் தொடங்கிய அறிவு, இந்தியாவில் மீண்டும் தலைகாட்ட 1990-கள் வரை ஆனது. வேலூரில் டி.ஜேக்கப் ஜான், மேரி ஜேசுதாசன் உள்ளிட்டோர் 1996-ல் எழுதிய கட்டுரை, நாம் பார்ப்பது பனிப்பாறையின் நுனி மட்டும்தானா என்று கேட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. மணிப்பால் போன்ற சில இடங்களைத் தவிர, அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சுமந்தவர்கள் குறைவு.

இலங்கையின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. அங்கே 1927-ல் முதல் நோயாளியைக் கண்டார்கள். அதற்குப் பின் எண்பது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே பதிவானார்கள். 2006-க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோகா கொரயாவும் அவரது குழுவினரும் மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, சந்தேகத்துக்குரிய கிருமிகளைத் தங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். நோயாளிகள் நூற்றுக்கணக்கில் தெரியவந்தார்கள். தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும். அங்குள்ள மண் ஒரே இரவில் மாறிவிடவில்லை.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் இன்னும் ஒரு படி மேலே. 1989 முதல் 2019 வரை, 30 ஆண்டுகளில் வந்த 1,148 நோயாளிகளை ஒருவர் விடாமல் பதிவுசெய்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிருமி ரத்தத்தில் இருந்தது. முதல் ஐந்தாண்டில் 31 சதவீதமாக இருந்த இறப்பு, கடைசி ஐந்தாண்டில் 6 சதவீதமாக இறங்கியது. சீக்கிரம் கண்டுபிடித்ததும், சரியான மருந்தும், தீவிர சிகிச்சைப் பிரிவும்தான் காரணம். தாய்லாந்தில் இன்னும் பத்தில் நான்கு பேர் இறக்கிறார்கள். டார்வினில் ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் அரசு அறிவிப்பு வரும்: செருப்போ பூட்ஸோ போடுங்கள், புண்ணை மூடுங்கள், கடும் மழைக்காற்றில் வெளியே நிற்காதீர்கள். நம் பொதுச் சுகாதாரத் துறை டெங்குவுக்கு எழுப்பும் குரலோடு இந்த மூன்று வரியைச் சேர்த்துச் சொல்வதில் என்ன சிரமம்?

உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு மெலியாய்டோசிஸ் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016-ல் வந்த ஒரு கணிப்பு சொன்னது. நோய் வருகிறவர்களில் 44 சதவீதம் பேர் தெற்காசியாவில்.

யாருக்காக இந்தச் செலவு

இத்தனை நோய்கள் இருக்க, எப்போதோ ஒருவருக்கு வருவதற்காக மலைமேல் கல்ச்சர் பாட்டில் வாங்கி அடுக்க வேண்டுமா என்று சுகாதாரத் துறையில் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கல்ச்சர் பாட்டில் ஒரு கிருமிக்காக இருப்பதில்லை. டைபாய்டு, பிரசவத்துக்குப் பின் வரும் செப்டிக், சிறுநீர்ப்பாதையிலிருந்து ரத்தத்துக்கு ஏறும் ஈ-கோலை, புண்ணிலிருந்து பரவும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எல்லாம் அதே பாட்டிலில்தான் தெரியவரும். எந்த மருந்துக்கு எது மசியவில்லை என்பதும் தெரியும். இன்று ஊகத்தின்பேரில் ஏற்றப்படும் விலையுயர்ந்த ஆன்டிபயாட்டிக்குகளின் செலவில் ஒரு பகுதி அதனாலேயே மிச்சமாகும்.

மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வகம் கட்டச் சொல்லவில்லை. அங்கே பாட்டில் இருக்க வேண்டும், ரத்தம் எடுக்கத் தெரிந்த செவிலியர் இருக்க வேண்டும், கீழே கொண்டுபோக வண்டி இருக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 95 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். மன்னவனூரிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. தெற்குச் சரிவுக்குத் தேனி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் அப்பால் மதுரை. கல்லூரிகள் வந்துவிட்டன. பூம்பாறையிலிருந்து ஒரு பாட்டிலைக் காலையில் எடுத்தால் பிற்பகலுக்குள் அங்கே சேர்க்கும் வழியைத்தான் இனி அமைக்க வேண்டும். தினமும் மலையிலிருந்து காய்கறி லாரிகளும் அரசுப் பேருந்துகளும் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மழைக்காலம் மூன்று மாதத்துக்கு மட்டுமாவது இதைச் செய்து பார்க்கலாம்: சர்க்கரை நோயாளி, ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், மண்ணிலோ நீரிலோ வேலை. இம்மூன்றும் சேர்ந்தால் ரத்தக் கல்ச்சர் கட்டாயம்.

முடிவு வந்த பிறகு செய்ய வேண்டியதும் உண்டு. 2021-ல் அமெரிக்காவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு மாநிலங்களில் நால்வருக்கு மெலியாய்டோசிஸ் வந்து இருவர் இறந்தார்கள். நான்கு கிருமிகளின் மரபணுவும் ஒத்துப்போனதால், தேடித் தேடி, இந்தியாவில் தயாரான ஒரு நறுமண ஸ்பிரே பாட்டிலில் போய் முடித்தார்கள். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். உறுதியான ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் ஒரு சுகாதார ஆய்வாளர் போய், எந்த வயல், எந்தக் கிணறு, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா, எங்காவது ஊசி போட்டீர்களா, பல் பிடுங்கினீர்களா என்று கேட்டு எழுதினால் போதும்.

நோயாளி வீடு திரும்பியபின் வரும் மூன்று மாதம்தான் கடினமானது. உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களுக்கு நோய் திரும்ப வருகிறது. அப்போது காப்பாற்றுவது இன்னும் சிரமம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எந்தத் தெருவில் யாருக்குச் சர்க்கரை என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் கையில் மெட்ஃபார்மினோடு கோட்ரைமாக்சசோல் பட்டையையும் கொடுத்தனுப்பி, தொண்ணூறு நாளும் விழுங்கினாரா என்று குறித்துவரச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய பணியிடமோ புதிய கட்டடமோ வேண்டாம். திண்டுக்கல், தேனி மாவட்டச் சுகாதார அலுவலர்கள் ஒப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை, ஐப்பசி மழைக்கு முன்பு வந்தால் போதும்.